48 இலக்கம் கேட்கும் நீலத் திரை

கடந்த ஜூலை மாதம், கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு பொறியியல் மாணவர் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி வந்து நின்றார். இயக்கிப் பார்த்தால் நீலத் திரை. 48 இலக்க மீட்பு எண்ணைக் கொடு என்கிறது. "நான் ஒன்றுமே செய்யவில்லை அண்ணா" என்றார். பதினான்கு ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கிறேன். இந்த வாக்கியம் இல்லாமல் வந்த கணினிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு தேநீர் உள்ளே போனதும் மீதிக் கதை வெளியே வந்தது. முந்தைய இரவு விடுதி நண்பர் ஒருவர் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை டூயல் பூட்டாக, அதாவது விண்டோஸோடு இரண்டில் ஒன்றைத் தேர்ந்து தொடங்கும்படி, ஏற்றித் தந்திருக்கிறார். ஏதோ காணொளியில் சொன்னார்கள் என்று கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய், நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட்டையும் அணைத்துவிட்டிருக்கிறார்.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் நம்மிடம் கேட்காமலே டிஸ்க்கைப் பூட்டி வைத்துவிடுகிறது. 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவினால், ஹோம் பதிப்பிலும் இது பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும். பூட்டின் சாவி டிபிஎம் என்ற சிப்பின் பொறுப்பில் இருக்கிறது. கணினி தொடங்கும் விதத்தில் மாற்றம் தெரிந்தால், யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று எண்ணி அது சாவியைத் தர மறுத்துவிடும். பிறகு அந்த 48 இலக்கம்தான் கதி. உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும். நம் மாணவருக்கோ அந்தக் கணக்கு எது என்றே தெரியவில்லை. வாங்கிய அன்று விற்றவர் ஒரு மின்னஞ்சலைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்தாராம்.

நல்லவேளையாக, செக்யூர் பூட்டை மறுபடி இயக்கி, பூட் பட்டியலில் விண்டோஸை நேரடியாகத் தேர்ந்தெடுத்ததும் திறந்துகொண்டது. எல்லாக் கணினிகளும் இப்படி இரங்குவதில்லை. முதல் வேலையாக விண்டோஸுக்குள்ளிருந்தே மீட்பு எண்ணை எடுத்து அச்சிட்டு அவர் கையில் கொடுத்தேன். அதன் பிறகுதான் கேட்டேன்: "லினக்ஸ் எதற்குத் தம்பி?" சி மொழி ஆய்வக வகுப்புக்காம். ஜிசிசி என்ற கம்பைலரும் நாலைந்து ஷெல் கட்டளைகளும் போதுமாம்.

அதற்கு டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, வெட்டியிருக்கவே வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓடவிடும் டபிள்யூஎஸ்எல் இருக்கிறது. ஹோம் பதிப்பிலும் ஓடும். முழு லினக்ஸ் திரையும் வேண்டுமானால், கணினிக்குள் இன்னொரு கணினியாக ஓடும் விர்ச்சுவல் மெஷின் இருக்கிறது. அதை ஓடவிடும் மென்பொருள்களில் விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு இலவசம்; விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 நவம்பர் முதல் அலுவலகங்களுக்கும் சேர்த்து இலவசமாகிவிட்டது. விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க் என்பது உங்கள் டிஸ்க்கில் ஒரு பெரிய ஃபைல், அவ்வளவே. உள்ளே எதை உடைத்தாலும் உடைவது அந்த ஃபைல்தான். உடைப்பதற்கு முன் அப்போதைய நிலையின் பதிவான ஸ்னாப்ஷாட்டை எடுத்துவைத்திருந்தால் பழைய நிலைக்கே திரும்பிவிடலாம். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

"விர்ச்சுவல் மெஷின் போட்டுப் பார்த்தேன், நகரவே மாட்டேன் என்கிறது" என்பார்கள். நகராததற்குக் காரணம் அநேகமாக நாம் ரேமைப் பங்கிட்ட விதம். ரேம் 8 ஜிபி என்றால் 4 ஜிபியை லினக்ஸுக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் விண்டோஸையும் இருபது குரோம் தாவல்களையும் ஓடவிட்டால் இரண்டுமே மூச்சுத் திணறும். 16 ஜிபி இருந்தால் நிம்மதி. விர்ச்சுவல் மெஷினுக்கு வன்பொருள் துணை தரும் இன்டெல் விடி, ஏஎம்டி-வி என்ற வசதி பயாஸில் அணைந்து கிடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழ் ஓரத்தில் ஒரு பச்சை ஆமை தெரிந்தால் அது அலங்காரம் அல்ல. விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் அமைப்பான ஹைப்பர்-வி வன்பொருளைத் தன் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது, அதனால் நான் அதன் முதுகில் ஏறி மெதுவாகப் போகிறேன் என்று பொருள். அந்த ஆமையை வரைந்தவர் யாரோ, நேர்மையான மனிதர்.

இன்னொன்று: அந்த டிஸ்க் ஃபைல் வளரும், தானாகச் சுருங்காது. உள்ளே 20 ஜிபியை அழித்தாலும் வெளியே இடம் திரும்பி வராது. 256 ஜிபி எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் இன்றும் விண்டோஸ் 7இல் மட்டுமே ஓடும் பழைய கணக்கு மென்பொருள் ஒன்று இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார். பழைய பேரேடுகளைத் திறந்து பார்க்க அது வேண்டும். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது; அதை இணையத்தில் விடுவது வாசல் கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம். விர்ச்சுவல் மெஷினுக்குள் அதை நிறுவி, நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்து, யுஎஸ்பி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை மட்டும் உள்ளே கொடுத்தேன். வாரம் ஒருமுறை அந்த விர்ச்சுவல் மெஷினின் ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் நகலெடுக்கிறார்கள். ஸ்னாப்ஷாட் இருக்கும்போது நகல் எதற்கு என்று அங்கே ஒருவர் கேட்டார். ஸ்னாப்ஷாட்டும் அதே டிஸ்க்கில்தானே இருக்கிறது.

டூயல் பூட் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினிக்கு வேறு வழி இல்லை. கிராஃபிக்ஸ் கார்டின் முழு வேகமும் வேண்டியவருக்கு விர்ச்சுவல் மெஷின் போதாது. பாதுகாப்புச் சோதனைக்கான காளி லினக்ஸை விர்ச்சுவல் மெஷினில் ஏற்றிவிட்டு வைஃபை கார்டு தெரியவில்லை என்று வரும் மாணவர்கள் உண்டு. மடிக்கணினியின் வைஃபை, விர்ச்சுவல் மெஷினுக்குள் வெறும் கம்பி இணைப்பாகத்தான் தெரியும். தனி யுஎஸ்பி அடாப்டர் வேண்டும், அல்லது நேரடியாக நிறுவ வேண்டும். லினக்ஸையே அன்றாடக் கணினியாக்கிக்கொள்ளப் போகிறவரும் தாராளமாக நிறுவிக்கொள்ளலாம்.

அப்படி வருபவர் மீட்பு எண்ணையும் ஃபைல்களின் நகலையும் எனக்குக் காட்டாமல் நான் லினக்ஸ் பென் டிரைவைச் செருகுவதில்லை. அடுத்து, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்கிறேன். விண்டோஸ் 8இல் வந்த இந்த வசதியால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை, பாதி உறங்குகிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பார்ட்டிஷனை வலுக்கட்டாயமாகத் திறந்து எழுதினால் ஃபைல்கள் சிதையும். கடிகாரம் ஒரு சின்ன வேடிக்கை. மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் படிப்பதால், மாலை 4 மணிக்கு விண்டோஸ் காலை 10.30 என்று காட்டும். அந்தக் கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி போய்விட்டது என்று நினைத்து மாற்றச் சொல்வார்கள். லினக்ஸில் ஒரே ஒரு கட்டளையில் தீரும் விஷயம் அது.

லினக்ஸை நிறுவும் மென்பொருளில் டிஸ்க்கே தெரியாத சிக்கல் மோசமானது. டிஸ்க்கை நிர்வகிக்கும் இன்டெல்லின் ஆர்எஸ்டி முறை இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸில் பொதுவான ஏஹெச்சிஐ முறைக்கு மாற்று என்று எங்கோ படித்துவிட்டு மாற்றுவார்கள். லினக்ஸுக்கு டிஸ்க் தெரியும், விண்டோஸ் தொடங்காது. விண்டோஸைச் சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்துவிட்டு மாற்றினால், பெரும்பாலும் தானே பழகிக்கொள்கிறது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் விண்டோஸும் லினக்ஸும் ஒருவரை ஒருவர் மிதிக்கும் நாள் வரும். 2024 ஆகஸ்ட் 13 அன்று வெளியான விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் பழைய பூட்லோடர்களைத் தடுப்பதற்காக வந்தது. டூயல் பூட் கணினிகளைத் தொடாது என்றுதான் மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் பலருடைய லினக்ஸ், பெரிய தவறு ஏதோ நேர்ந்துவிட்டது என்ற பொருளில் ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுபோனது. முழுத் தீர்வு 2025 மே மாத அப்டேட்டில்தான் வந்தது. இதனால்தான் நான் இரண்டாவது எஸ்எஸ்டி போடச் சொல்கிறேன். பல மடிக்கணினிகளில் இன்னொரு ஸ்லாட் காலியாகவே கிடக்கிறது. லினக்ஸை நிறுவும்போது விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டால், ஒன்றின் பூட்லோடர் மற்றதன் டிஸ்க்கில் போய் உட்காராது; தவறான டிஸ்க்கை அழித்துவிடுவோமோ என்ற பயமும் இல்லை. செக்யூர் பூட் இருவருக்கும் பொதுதான், அதை எஸ்எஸ்டி மாற்றாது.

செமஸ்டர் முடிந்ததும் இன்னொரு அலை வரும். இனி லினக்ஸ் தேவையில்லை என்று விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அந்தப் பார்ட்டிஷனை அழித்துவிடுவார்கள். அடுத்த முறை இயக்கினால் கறுப்புத் திரையில் லினக்ஸ் பூட்லோடரின் பெயரான 'கிரப்' என்று ஒரே ஒரு சொல். எல்லாம் போய்விட்டது என்று பதறி, விண்டோஸை முதலிலிருந்து நிறுவச் சொல்லி வருகிறார்கள். எதுவும் போகவில்லை. பூட் வரிசையில் விண்டோஸை மேலே தூக்கி வைத்தால் திறந்துகொள்ளும். பிறகு பூட் பார்ட்டிஷனில் தங்கிவிட்ட உபுண்டு ஃபோல்டரை நீக்க வேண்டும். அந்த மாணவர் அன்றே உபுண்டுவை எடுத்துவிடச் சொன்னதால், அவருக்கும் இதைத்தான் செய்தேன்: முதலில் வரிசை, பிறகு பார்ட்டிஷன், கடைசியாக ஃபோல்டர். மதியத்துக்குள் டபிள்யூஎஸ்எல்லில் அவருடைய முதல் சி நிரல் ஓடியது. அதிலும் ஓர் அரைப்புள்ளி விடுபட்டிருந்தது. "நான் ஒன்றுமே மாற்றவில்லை அண்ணா" என்றார்.