மினுக்கும் வேகத்தில் தெரியும் அளவு

தண்டையார்பேட்டை கூட்ஸ் யார்டு பக்கம் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம். எஞ்சின் இழுத்ததும் முதல் வேகனின் கப்ளிங் 'டங்' என்று அதிரும். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. ராத்திரியில் படுத்தபடியே முதல் 'டங்'குக்கும் கடைசி 'டங்'குக்கும் இடையே உள்ள நேரத்தை எண்ணினால், ரயிலைப் பார்க்காமலே அதன் நீளத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம்.

கருந்துளையையும் ஏறக்குறைய இப்படித்தான் அளக்கிறார்கள். அதைச் சுற்றிச் சுழன்று விழும் வாயு கொதித்து எக்ஸ் கதிரை உமிழும். அந்த ஒளி சதா மினுக்கும். ஒரு பொருள் மொத்தமாகப் பிரகாசம் மாற, அந்த மாற்றம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒளியை மிஞ்சிய வேகம் எதற்கும் கிடையாது. ஆயிரத்தில் ஒரு நொடியில் ஒளி போவது 300 கிலோமீட்டர். அந்த நேரத்துக்குள் துள்ளும் ஒளி, சென்னை–திருச்சி தூரத்துக்குள் அடங்கும் இடத்தில்தான் பிறந்திருக்க முடியும். சூரியனின் குறுக்களவு 14 லட்சம் கிலோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

எக்ஸ் கதிரைக் காற்று விழுங்கிவிடுவதால் விண்வெளிக்குப் போய்த்தான் பிடிக்க வேண்டும். நம் எண்ணூர் கடற்கரைக்கு வடக்கே, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28 அன்று கிளம்பிய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் இதற்கென்றே ஒரு கருவி இருந்தது. வந்து விழும் ஒவ்வொரு ஒளித்துகளின் நேரத்தையும் நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு துல்லியத்தில் குறிக்கும்.

எம்82 என்ற விண்மீன் மண்டலம் நம்மிடமிருந்து சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அதில் அருகருகே இரண்டு எக்ஸ் கதிர் மூலங்கள், இரண்டும் சூரியனைவிடப் பத்து லட்சக்கணக்கான மடங்கு பிரகாசம். அவ்வளவு ஒளி, விழவரும் வாயுவையே வெளியே தள்ளிவிடும். அதையும் மீறி வாயுவை இழுத்துப் பிடிக்க, மையத்தில் பெரும் எடை வேண்டும் என்பதே அன்றைய கணக்கு.

முதல் மூலம் நொடிக்கு 3.3 தடவையும் 5.1 தடவையும் துடிப்பதை 2014-இல் கண்டார்கள். 3:2 விகிதம்! நம் பால்வெளியில் சூரியனைப்போல் ஆறு மடங்கு எடையுள்ள ஒரு கருந்துளை இதே விகிதத்தில் 300, 450 என்று துடிக்கிறது. எடை கூடக்கூடத் துடிப்பு மந்தமாகும் என்று வைத்துக் கணக்கிட்டால், முதல் மூலத்தின் எடை சில நூறு சூரியன்கள்; ஆய்வாளர்கள் சொன்னது சுமார் 400.

இரண்டாவதும் அப்படியொரு கனத்த கருந்துளைதான் என்று நம்பியவர்களுக்கு, அதே ஆண்டில் நூஸ்டார் என்ற எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கி அதிர்ச்சி கொடுத்தது. அந்த மூலம் 1.37 நொடிக்கு ஒருமுறை, கடிகாரம் பிசகாமல் அடித்தது. கருந்துளைக்குத் தரையே இல்லை. இப்படி ஒழுங்காகச் சுழன்று அடிக்க, காந்தத் துருவம் ஊன்றிய கெட்டியான பரப்பு வேண்டும். ஆகவே அது நியூட்ரான் நட்சத்திரம், அதாவது பெரிய நட்சத்திரம் வெடித்தபின் மிஞ்சும் இறுகிய மையம். எடை ஒன்றிரண்டு சூரியன்தான். ராயபுரத்தில் ஒரு விளிம்பை வைத்தால் மறுவிளிம்பு மீஞ்சூரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.