அட்வான்ஸை நீட்டிவிட்டு விலை பேசாதீர்கள்

போன ஐப்பசியில் மயிலாடுதுறைப் பக்கத்து அக்கா ஒருவர் மஞ்சள் பையோடு என்னைத் தேடி வந்தார். பைக்குள் பில்டரின் லெட்டர்பேடில் எழுதிய மூன்று ரசீதுகள். 42 லட்சத்துக்குப் பேசிய புது வீட்டுக்கு 9 லட்சம் கொடுத்தாகிவிட்டது. எல்லாம் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் சம்பாதித்தது. இப்போது, "கம்பி விலை ஏறிடுச்சு, இன்னும் மூணு லட்சம் போடுங்க, இல்லேன்னா வேற பார்ட்டி ரெடியா இருக்கு" என்கிறார் பில்டர்.

போலீஸ் ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டரும்மா" என்றார்களாம். பத்திர ஆபீசில் "பதிவே ஆகலையே, நாங்க என்ன பண்றது?" திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் போய் மனு கொடுத்தார். ஒரு மாதம் கழித்து வந்த கடிதத்தில் "உரிய அலுவலகத்தை அணுகவும்" என்று ஒரே வரி. உரிய அலுவலகம் எது என்பது மட்டும் அதில் இல்லை.

அந்த அலுவலகம் சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி அமைந்தது; அந்தச் சட்டத்துக்குப் பேச்சில் ரெரா என்று பெயர். சட்டத்தின் 13-ஆம் பிரிவு ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதி ஏமாற்று நின்றுவிடும்: விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல், வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. 42 லட்சத்துக்கு அது 4 லட்சத்து 20 ஆயிரம்தான். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி முத்திரை குத்துவது பதிவு ஆகாது. இதில் ஏமாந்தவர்கள்தான் அதிகம்.

விலை பேசும் பலம் உங்கள் பணம் உங்கள் கையில் இருக்கும்வரைதான். பில்டருக்கு இது நன்றாகத் தெரியும். "இந்த வாரத்துக்குள்ள கட்டினா சதுர அடிக்கு நூறு ரூபாய் குறைப்போம்" என்று அவசரப்படுத்துவது அதனால்தான். அரசுக்குக் கட்டும் கட்டணம் ஏறினால் தவிர விலை ஏறாது, இன்ன தேதிக்குச் சாவி என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த நூறு ரூபாயை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

சதுர அடி என்றதும் கேளுங்கள்: எந்தச் சதுர அடி? சட்டப்படி கணக்கு கார்பெட் ஏரியாவுக்கு. அதாவது வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி சேராது. 1,200 சதுர அடி, அடிக்கு 4,000 என்றால் 48 லட்சம். டேப் பிடித்து அளந்தால் உள்ளே 900 தேறும்போது உண்மை விலை அடிக்கு 5,333. நம் ஊர்ப் பக்கம் இதைக் கேட்டால் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

ஜிஎஸ்டியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு 5 சதவீதம். ஆனால் டெல்டா ஊர்களில் கார்பெட் ஏரியா 90 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 968 சதுர அடிக்குள் இருந்து, கார் பார்க்கிங் உட்பட மொத்த விலை 45 லட்சத்தைத் தாண்டாமல் இருந்தால் 1 சதவீதம்தான். 46 லட்சத்துக்கு வரி 2 லட்சத்து 30 ஆயிரம். 45 லட்சத்துக்கு வரி 45 ஆயிரம். ஒரு லட்சம் குறைத்துப் பேசினால் மிச்சம் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல். வேலை முடிந்து நிறைவுச் சான்று வந்த பிறகு விலைபேசி வாங்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. அதற்கும் ஜிஎஸ்டி போட்டு பில் நீட்டுகிறவர்கள் உண்டு.

இனி பெரிய பொறி. நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டால் பில்டர் தன் திட்டத்தை ரெரா ஆணையத்தில் பதிய வேண்டாம். வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலும் வேண்டாம். 500 சதுர மீட்டர் என்பது பன்னிரண்டு சென்ட்டும் கொஞ்சமும். ஒரே வயலைப் பிளாட் போட்டு, "ஃபேஸ் ஒன்னு, ஃபேஸ் ரெண்டு" என்று துண்டு போட்டு, ஒவ்வொன்றும் அளவுக்குள்தான் என்பார்கள். சட்டம் எல்லாக் கட்டத்தையும் சேர்த்துத்தான் கணக்கிடும். பதிவு எண்ணை வாங்கி, ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். நோட்டீஸில் அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். உண்மையிலேயே சின்னத் திட்டம் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் வழி. 50 லட்சம் வரை கொடுத்த விவகாரத்தை அங்கேயே எடுப்பார்கள், பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் அடிமனை கோயிலுடையதா, மடத்துடையதா என்று முதலில் பாருங்கள். வில்லங்கச் சான்று மட்டும் போதாது, நிலம் யாருடையது என்று காட்டும் வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டையும் பாருங்கள். நஞ்சையில் மண் கொட்டி மேடாக்கிய மனையை அடைமழையில் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது பேரத்துக்கு உதவும். சாவி வாங்கி ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், நீங்கள் சொன்னதிலிருந்து 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் சொன்னதோடு விடாமல் பதிவுத் தபாலும் அனுப்புங்கள்.

ரெரா புகாரிலும் அலைக்கழிப்பு உண்டு. பணம் திரும்ப, வட்டியோடு வேண்டுமென்றால் படிவம் எம். நஷ்டஈடு என்றால் படிவம் என், அது தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம் போகும். மாற்றிப் போட்டால் மாதங்கள் போய்விடும்.

இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வருமான வரிச் சட்டத்தில் அபராதம், பணத்தை வாங்கினவருக்குத்தான். ஆனால் கணக்கில் வராத பணத்தைத் திரும்பக் கேட்க உங்களிடம் ஆதாரம் இருக்காது. ரசீதை வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். அக்காவின் மூன்று ரசீதில் ஒன்றில் 'கைமாற்றாகப் பெற்றது' என்று எழுதியிருந்தது. வீட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.