சி.பி.ஜி.பி.: சொல் விளக்கம்

நியூயார்க்கின் பவரி தெருவில் 315ஆம் எண் கட்டடத்தில், ஏற்கெனவே அங்கு மதுக்கூடம் நடத்திவந்த ஹில்லி கிரிஸ்டல் 1973 டிசம்பரில் புதுப் பெயரிட்டுத் திறந்த சிறிய இசைக்கூடத்தை இப்பெயர் குறிக்கும். கன்ட்ரி (Country), புளூகிராஸ் (BlueGrass), புளூஸ் (Blues) ஆகிய மூன்று அமெரிக்க இசைவகைகளின் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அமைந்த சுருக்கம் (CBGB) இது. புளூகிராஸ் மட்டும் இரண்டு எழுத்துகளைத் தந்திருப்பதால் மூன்று வகைகளுக்கு நான்கு எழுத்துகள் வந்தன.

இவற்றைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்குவதில் பயனில்லை. கன்ட்ரியை 'நாட்டு இசை' என்றால் நாட்டுப்புற இசையோடு குழம்பும். புளூகிராஸை 'நீலப்புல்' என்றால் பொருளே போய்விடும். கென்டக்கி மாநிலத்தின் அடைமொழியைத் தம் இசைக்குழுவுக்குச் சூட்டிய இசைக்கலைஞர் பில் மன்றோ வழியாக வந்த பெயர் அது.

பெயரின் கீழே ஓ.எம்.எஃப்.யூ.ஜி. (OMFUG) என்ற வால் ஒன்றும் இருந்தது. 'மேன்மையூட்டும் பெருந்தீனியருக்கான பிற இசை' என ஒருவாறு அதைத் தமிழில் சொல்லலாம். தீனி என்று கிரிஸ்டல் கருதியது இசையைத்தான். விளையாட்டாக ஒட்டிய இந்த வால்தான், என் கணிப்பில், தலைப்பெழுத்துகளைவிட உண்மையாயிற்று. அம்மூன்று வகைகளிலும் சேராத இசையோடு, 1974 மார்ச்சில் டெலிவிஷன் என்ற ராக் இசைக்குழுவும் ஆகஸ்டில் ரமோன்ஸ் குழுவும் அங்கு வாசிக்கத் தொடங்கின. பாடகி பட்டி ஸ்மித், பிளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ் குழுக்கள் ஆகியோரும் அம்மேடையில் வளர்ந்தவர்களே. புகழ்பெற்ற பாடல்களை நகலெடுத்து வாசிப்பதையே மதுக்கூடங்கள் இசைக்குழுக்களிடம் எதிர்பார்த்த காலத்தில், சொந்தப் பாடல்களைக் கொண்டுவர வேண்டும் என்று கிரிஸ்டல் விதித்ததால், ஒலித்தட்டு ஒப்பந்தமும் தேர்ந்த பயிற்சியும் இல்லாத இளைஞர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. அவர்களைச் சுற்றி உருவான 'பங்க்' இதழ் 1976 ஜனவரியில் வெளிவந்தபின், அவ்விசைக்குப் பங்க் என்ற பெயர் நிலைத்தது. வாடகைத் தகராறினால் கூடம் மூடப்படவிருந்த நிலையில், 2006 அக்டோபர் 15 அன்று கடைசி நிகழ்ச்சியைப் பட்டி ஸ்மித் நடத்தினார்.

சுருக்கப் பெயரைத் தமிழிலும் அப்படியே வழங்குவது சரி. ஆனால் இத்தகைய இடத்தை 'இரவு விடுதி' என எழுதும் வழக்கம் இங்கே பொருந்தவில்லை. மாணவர் விடுதி, பயணியர் விடுதி என்பவற்றில் உள்ளபடி விடுதி என்பது தங்குமிடம், சி.பி.ஜி.பி.யின் மேல்மாடிகளிலோ வீடற்றோர் குறைந்த வாடகையில் தங்கிய விடுதி ஒன்று உண்மையாகவே இயங்கியது. கீழ்த்தளத்தில் இருந்ததை 'இரவு இசைக்கூடம்' என்று எழுதினால் இரண்டும் குழம்பா.