கொலோசியத்தின் மணலுக்கு அடியில்

லத்தீனில் ‘ஹரேனா’ என்றால் மணல். விளையாட்டரங்குக்கு இன்று வழங்கும் ‘அரீனா’ என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். ரோமில் வீரர்களும் விலங்குகளும் மோதிய கொலோசியம் அரங்கில் மரத்தரை போட்டு, சிந்தும் ரத்தத்தை உறிஞ்ச மேலே மணல் பரப்பியிருந்தார்கள். கி.பி. 80இல் பேரரசர் டைட்டஸ் அதைத் திறந்தபோது விழா 100 நாள் நடந்தது. அதில் 9,000 விலங்குகள் கொல்லப்பட்டதாக ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் தியோ எழுதியிருக்கிறார்.

டைட்டஸின் தம்பி டொமிஷியன் காலத்தில் அந்தத் தரைக்குக் கீழே சுமார் 6 மீட்டர் ஆழத்துக்கு நிலவறை கட்டப்பட்டது. அதன் பிறகு மணலுக்கு நடுவில் திடீரென ஒரு கதவு திறக்கும். சிறுத்தை வெளியே பாயும். பார்ப்பவர்களுக்கு அது மாயம்தான்.

கீழே நடந்தது இது. சிறுத்தையை மரக்கூண்டுக்குள் விரட்டுவார்கள். கூண்டில் கட்டிய கயிறு மேலே கப்பியில் ஏறி இறங்கி, பக்கத்தில் செங்குத்தாக நட்ட ஒரு தடித்த மரத்தண்டில் போய்ச் சுற்றிக்கொள்ளும். தண்டில் குறுக்கே செருகிய கம்பங்களைத் தள்ளிக்கொண்டு, மேல்தளத்தில் 4 பேர், கீழ்த்தளத்தில் 4 பேர், செக்கு மாடு போலச் சுற்றி வருவார்கள். சுவரில் வெட்டிய பள்ளங்களை ஒட்டிக் கூண்டு நேராக ஏறும். உச்சிக்கு வந்ததும் கூண்டைத் திறந்தால், விலங்கு ஒரு சரிவுப் பலகை வழியாக ஏறி வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

எட்டுப் பேருக்கு இது எப்படி முடிந்தது? கம்பத்தின் நீளம்தான் காரணம். தண்டின் ஆரத்தைப் போலக் கம்பம் எட்டு மடங்கு நீளம் என்றால், தள்ளுகிற விசையும் எட்டு மடங்காகக் கயிற்றில் சேரும். ஆனால் கூண்டு ஒரு மீட்டர் ஏற, தள்ளுகிறவர் எட்டு மீட்டர் நடக்க வேண்டும்.

இதையெல்லாம் கல்லிலிருந்துதான் படித்திருக்கிறார்கள். மரமும் கயிறும் என்றோ மக்கிப்போயின. ஜெர்மன் ஆய்வாளர் ஹைன்ஸ் பெஸ்ட்டே 1990களில் தொடங்கிப் பல ஆண்டுகள் அந்தச் சுவர்களை அளந்தார். பள்ளங்கள், துளைகள், தண்டின் அடி சுழன்ற வெண்கலக் குழிகள் எல்லாம் சேர்ந்துதான் பொறியின் உருவத்தைக் காட்டின. 2015இல் ஒரு தூக்கியை மரத்தில் செய்து அங்கேயே நிறுத்தினார்கள்.

மேலே இருக்கைகளில் ரோமச் சமூகம் அப்படியே அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் செனட்டர்கள், அடுத்துக் ‘குதிரைவீரர்’ என்று பெயர்பெற்ற செல்வந்தர் வகுப்பு, அப்புறம் சாதாரணக் குடிமக்கள், உச்சியில் பெண்களும் ஏழைகளும். ஆனால் எனக்கு மனசு போவது அவர்கள் எல்லோருக்கும் கீழே இருந்தவர்களிடம்தான். விளக்குப் புகையிலும் விலங்கு நாற்றத்திலும் தண்டைத் தள்ளிய அடிமைகளுக்கு, மேலே எழும் கூச்சல் மட்டும்தான் கேட்டிருக்கும். அது ஓய்வதற்குள் காலிக் கூண்டை இறக்கி, அடுத்த விலங்கை ஏற்றியாக வேண்டும்.