கரண்ட் வைத்தால் வலி எங்கே போகிறது?

"முட்டிவலிக்குப் பத்து நாள் கரண்ட் வைக்கச் சொல்லியிருக்காங்க." பிசியோதெரபி அறை வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. உள்ளே முழங்காலைச் சுற்றி ஈரப் பஞ்சு வைத்த பட்டைகளைக் கட்டுவார்கள். குமிழை மெல்லத் திருகிக்கொண்டே, "எறும்பு ஊர்ற மாதிரி வந்ததும் சொல்லுங்கம்மா" என்பார் தெரபிஸ்ட். பிளக்கில் தொட்டால் ஆளையே தூக்கி எறிகிற மின்சாரம் இங்கே எறும்பாக ஊர்வது எப்படி?

அளவு குறைவு. தோல் வழியாக நரம்பைத் தூண்டும் 'டென்ஸ்' (TENS) கருவியில் பாய்வது சில பத்து மில்லியாம்பியர்தான்; அதுவும் விட்டுவிட்டு. நொடிக்கு 100 துடிப்புகள் வந்தாலும், ஒவ்வொன்றும் நீடிப்பது நொடியில் பத்தாயிரத்தில் ஓரிரு பங்கு.

அந்தச் சிறு துடிப்புக்கு முதலில் விழித்துக்கொள்பவை தொடுவுணர்ச்சியைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள். மந்தமான வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகளை எழுப்ப இன்னும் அதிக மின்சாரம் வேண்டும். இரண்டும் போய்ச் சேருமிடம் தண்டுவடம். அங்கே ஒரு கதவு மாதிரி ஏற்பாடு இருக்கிறது, தொடுவுணர்ச்சி நெருக்கியடித்து நுழைந்தால் வலிக்கு வழி குறுகும் என்று 1965-ல் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் எழுதினார்கள். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் பரபரவென்று தேய்ப்பதும் அதே வேலைதான். அந்தக் கதவின் நுணுக்கங்கள் பின்னர் நிறையத் திருத்தப்பட்டன. அடிப்படை எண்ணம் நிலைத்துவிட்டது.

நம் ஊர் கிளினிக்குகளில் அதிகம் புழங்கும் 'ஐஎஃப்டி' (இன்டர்ஃபெரன்ஷியல் தெரபி) என்ற இன்னொரு கரண்ட் முறை இன்னும் சாமர்த்தியமானது. குறைந்த அதிர்வெண் மின்சாரத்தைத் தோல் முரண்டுபிடித்துத் தடுக்கும். அதிர்வெண் கூடினால் எளிதில் விட்டுவிடும். ஆகவே நொடிக்கு 4000 அதிர்வுகள் கொண்ட ஒரு மின்னோட்டத்தையும் 4100 கொண்ட இன்னொன்றையும் குறுக்காக அனுப்புகிறார்கள். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போது இரண்டு தந்திகள் இம்மி விலகியிருந்தால் ஒலி ஏறி இறங்குமே, அதுபோல இரண்டும் சந்திக்குமிடத்தில் நொடிக்கு 100 ஏற்ற இறக்கங்கள் பிறக்கும். நரம்பு அதைப் பின்தொடரும்.

ஐந்து நிமிடத்தில் எறும்பு காணாமல் போனால் மெஷின் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. நரம்புக்குப் பழகிவிட்டது, சொன்னால் கூட்டி வைப்பார்கள். பேஸ்மேக்கர் இருந்தாலும் கர்ப்பமாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதத்தில் சூடுபட்டாலே தெரியாது என்பதால் அங்கே கூடுதல் கவனம்.

தேய்ந்த குருத்தெலும்பைக் கரண்ட் வளர்த்துவிடாது. கீழ் முதுகுவலிக்கு டென்ஸ், ஐஎஃப்டி இரண்டையுமே தர வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2016-ல் சொல்லிவிட்டது. என் கணக்கில் கரண்ட் தருவது வலியிலிருந்து கொஞ்ச நேர இடைவேளை. அதற்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பட்டையைக் கழற்றியதும், "காலை நீட்டி மடக்குங்க, பத்து தடவை" என்பார் தெரபிஸ்ட். அதற்குள் பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.