துருவின் வேகத்தை அளக்கும் பெட்டி: பொட்டென்ஷியோஸ்டாட்டுக்குள் என்ன நடக்கிறது?

பட்டினப்பாக்கத்திலோ திருவொற்றியூரிலோ கடலோரமாக நிற்கும் பழைய குடியிருப்புகளை அண்ணாந்து பாருங்கள். பால்கனியின் அடியில் சிமென்ட் பெயர்ந்து, செங்காவி நிறத்தில் கம்பி பல்லிளித்துக்கொண்டிருக்கும். உப்புக்காற்றின் குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கி இரும்பைத் தொட்டுவிட்டது. துருப்பிடிப்பதைக் கண்ணே சொல்லிவிடும். எவ்வளவு வேகத்தில் என்று சொல்ல ஒரு கருவி வேண்டும்.

துருவேறும்போது இரும்பு எலெக்ட்ரான்களை இழக்கிறது. ஆகவே அதன் வேகத்தை மின்னோட்டமாகவே எழுதலாம். சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோஆம்பியர் என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 0.0116 மில்லிமீட்டர் இரும்பு கரைகிறது என்று பொருள். இந்தச் சிறு மின்னோட்டத்தைப் பிடிக்கும் பெட்டிதான் பொட்டென்ஷியோஸ்டாட். உலோகத்தின் மின்னழுத்தத்தை நாம் கேட்ட இடத்தில் பிடித்துவைத்து, அப்போது ஓடும் மின்னோட்டத்தை அது அளக்கும். காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தரமணியில் ஒரு பிரிவு உண்டு. அது போன்ற எந்த ஆய்வகமும் இந்தப் பெட்டி இல்லாமல் நடக்காது. 1942-இல் இங்கிலாந்தின் ஆர்ச்சி ஹிக்லிங் இதை விவரித்து, பெயரும் வைத்தார்.

ஓர் உலோகத் துண்டை உப்புநீரில் தொங்கவிட்டு, அதன் மின்னழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் பதில் கிடையாது. எதோடு ஒப்பிட்டு என்று சொன்னால்தான் அளக்க முடியும். சரி, இன்னோர் உலோகத்தை நட்டு, நடுவில் 1 வோல்ட் கொடுக்கலாமே? கொடுக்கலாம். ஆனால் மின்னோட்டம் ஓடத் தொடங்கியதும் அந்த இரண்டாவது உலோகத்தின் அழுத்தமும் நகர்ந்துவிடும். 1 வோல்ட்டில் நம் உலோகத்துக்குப் போனது எவ்வளவு, மற்றதற்கு எவ்வளவு, கரைசல் தின்றது எவ்வளவு என்று பிரிக்க வழியே இல்லை.

இதற்குக் கண்ட தீர்வு எனக்கு இன்றும் அழகாகத் தெரிகிறது: இரண்டாவது எலெக்ட்ரோடின், அதாவது கரைசலில் நட்ட அந்த இன்னோர் உலோகத்தின், வேலையை இரண்டு பேருக்குப் பங்கு போட்டுவிட்டார்கள். மின்னோட்டத்தைச் சுமப்பது கவுன்டர் எலெக்ட்ரோடின் வேலை. பெரும்பாலும் பிளாட்டினம் அல்லது கிராஃபைட். அளவுகோலாக நிற்பது மட்டுமே ரெஃபரென்ஸ் எலெக்ட்ரோடின் வேலை. நாம் ஆராயும் உலோகத்துக்கு ஒர்க்கிங் எலெக்ட்ரோடு என்று பெயர்.

ரெஃபரென்ஸாக அதிகம் புழங்குவது வெள்ளி குளோரைடு பூசிய வெள்ளிக் கம்பி. தெவிட்டிய பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அது, பூஜ்யமாக எடுத்துக்கொள்ளப்படும் ஹைட்ரஜன் எலெக்ட்ரோடைவிட 0.197 வோல்ட் மேலே நிற்கும். ஒரே நிபந்தனை, அதன் வழியாக மின்னோட்டம் ஓடக் கூடாது. அதனால் பெட்டிக்குள் ரெஃபரென்ஸ் வயர் நுழையும் இடத்தில் 10 லட்சம் மெகாஓம் அளவுக்கு உள்ளீட்டு மின்தடை கொண்ட ஒரு பஃபர், அதாவது மின்னழுத்தத்தை மட்டும் படித்துக் கடத்தும் சுற்று, காவல் நிற்கிறது. 1 வோல்ட்டை அளக்கும்போதுகூட அது 1 பிக்கோஆம்பியருக்கு மேல் உறிஞ்சாது.

அடுத்து நிற்கும் ஆப்-ஆம்ப் என்ற மின்னணுப் பெருக்கிதான் பெட்டியின் உயிர். அதற்கு இரண்டு காதுகள், ஒரு வாய். ஒரு காதில் நாம் கேட்ட மின்னழுத்தம், மற்றொன்றில் ரெஃபரென்ஸ் சொல்லும் மின்னழுத்தம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை லட்சம் மடங்குக்கு மேல் பெருக்கி, வாய் வழியாகக் கவுன்டர் எலெக்ட்ரோடுக்கு அனுப்புகிறது. வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யமாகும்வரை மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கரைசலில் இரும்பா செம்பா, அமிலமா உப்பா, எதுவும் அதற்குத் தெரியாது; தெரியவும் வேண்டாம்.

பலரும் கவனிக்காத ஒன்று இங்கே உண்டு. பரவலான ஒரு சுற்றமைப்பில் ஒர்க்கிங் எலெக்ட்ரோடு எப்போதும் பூஜ்ய வோல்ட்டிலேயே இருக்கிறது. ஒர்க்கிங்கை +0.5 வோல்ட்டில் வை என்று நீங்கள் கேட்டால், கருவி ரெஃபரென்ஸைத்தான் −0.5 வோல்ட்டுக்கு இறக்குகிறது. ஒப்பீட்டளவில் இரண்டும் ஒன்றே.

ஒர்க்கிங்கைப் பூஜ்யத்தில் பிடித்திருப்பது இரண்டாவது ஆப்-ஆம்ப். மின்னோட்டத்தை அளப்பதும் அதுதான். ஒர்க்கிங்கிலிருந்து வரும் ஓட்டம் முழுவதையும் தெரிந்த ஒரு மின்தடை வழியாக ஓடவைத்து, அதில் விழும் வோல்ட்டைப் படிக்கிறது. நம் கம்பியையே எடுத்துக்கொள்வோம். 1 சதுர சென்டிமீட்டர் பரப்பு. அது தானாக ஓய்ந்து நிற்கும் அழுத்தத்திலிருந்து 10 மில்லிவோல்ட் மட்டும் நகர்த்துகிறோம். 0.385 மைக்ரோஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். 1 மெகாஓம் மின்தடையில் அது 0.385 வோல்ட்டாகத் தெரியும். 10 மில்லிவோல்ட்டை அந்த ஓட்டத்தால் வகுத்தால் 26 கிலோஓம். துருவேறும் கம்பிக்கு வழக்கமாக எடுக்கும் 26 மில்லிவோல்ட் மாறிலியை இதனால் வகுத்தால் 1 மைக்ரோஆம்பியர். கம்பிக்கு இது கவலைக்குரிய வேகம்.

இத்தனை சிறிய ஓட்டத்தில் சீலிங் ஃபேனும் டியூப்லைட்டும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைக் கலந்துவிடும். அதனால்தான் செல்லை, அதாவது கரைசலும் மூன்று எலெக்ட்ரோடுகளும் இருக்கும் பாத்திரத்தை, எர்த் செய்த உலோகக் கூண்டுக்குள் வைப்பார்கள்.

கருவியால் தானாகத் தீர்க்க முடியாத ஒரு பிழையும் இருக்கிறது. ரெஃபரென்ஸ் முனைக்கும் ஒர்க்கிங் பரப்புக்கும் இடையே கரைசல் கொஞ்சம் இருக்குமே, அதன் மின்தடை. 20 ஓம் இடைவெளியில் 10 மில்லிஆம்பியர் ஓடினால் 200 மில்லிவோல்ட் கணக்கில் வராமல் போய்விடும். ரெஃபரென்ஸை நுண்குழல் வழியாக உலோகத்தின் அருகே கொண்டுபோவது இதற்காகத்தான். ரொம்ப ஒட்டினாலும் ஆபத்து. குழலே ஓட்டத்தை மறைக்கும். குழல் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் என்பது நடைமுறைக் கணக்கு. கான்கிரீட்டில் இந்தத் தடை இன்னும் பல மடங்கு ஏறும். அங்கே இதைக் கழிக்காமல் எடுத்த அளவை நான் நம்பமாட்டேன்.

திடீரென்று ஓவர்லோடு விளக்கு எரிந்தால், பெட்டியைத் திறப்பதற்கு முன் ரெஃபரென்ஸைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியிலுள்ள நுண்துளை அடைப்பானுக்கு மேல் கடுகளவு காற்றுக்குமிழி ஒட்டியிருக்கலாம். அது பாதையை அறுத்துவிட்டால் ஆப்-ஆம்புக்கு ஒரு காது கேட்காது. கேட்ட அழுத்தம் வரவில்லை என்றெண்ணித் தன் முழு வோல்ட்டையும் கவுன்டரில் கொட்டும். மாதிரி சில நொடிகளில் பாழாகும். விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் குமிழி மேலேறிவிடும்.

அப்படியும் சந்தேகம் தீரவில்லையா? செல்லைக் கழற்றிவிட்டு 10 கிலோஓம் மின்தடை ஒன்றை எடுங்கள். ஒரு காலில் ஒர்க்கிங் கிளிப், மறுகாலில் ரெஃபரென்ஸும் கவுன்டரும் சேர்த்து. 1 வோல்ட் கொடுங்கள். 100 மைக்ரோஆம்பியர் காட்டினால் பெட்டி நன்றாகவே இருக்கிறது. கோளாறைச் செல்லுக்குள் தேடலாம்.