இங்கோ ரெண்டு வேய்ரா!

நேற்று ராத்திரி போன். தெரிந்த பையன், சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கும் பிளாஸ்டர். "அண்ணே, எட்டடி துளைச்சு வெடிச்சோம், நாலடிதான் கல் உடைஞ்சு வந்துச்சு. மேஸ்திரி தெலுங்குல 'இங்கோ ரெண்டு வேய்ரா', இன்னும் ரெண்டு போடுடாங்கறாரு. குழிக்கு ரெண்டு வெடிமருந்துத் தோட்டா சேத்துப் போடட்டுமா?"

இந்த வருஷம் இதே கேள்வி நாலாவது தடவை. போன தடவை கேட்டவன், வேண்டாம் என்றும் கேட்காமல் போட்டான். கல் வரவில்லை. மேல்கூரைதான் விண்டுபோய், அடுத்த ஷிஃப்டில் துளை போட நின்றவர் காலில் விழுந்தது.

ஆந்திராவின் குப்பம் பக்கம் பாதிப் பேர் கிரானைட் குவாரியில் பழகி உள்ளே இறங்குகிறவர்கள். குவாரியில் கல்லுக்கு மேலேயும் முன்னாலேயும் வெட்டவெளி. சுரங்க முகப்பில் திறப்பு ஒரே பக்கம். உடைந்த கல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் கேட்கும். அதை மருந்தா கொடுக்கும்? முகப்பின் நடுவில் முதலில் வெடிக்கும் வெட்டில், மருந்தில்லாமல் விடும் வெற்றுக்குழிதான் கொடுக்கும். "சும்மாதானே கிடக்கு" என்று அதிலும் தோட்டா திணித்த மகராசனைப் பார்த்திருக்கிறேன்!

ஒதுங்க இடமில்லாத கல்லில் மருந்தைக் கூட்டினால், பொடியாகி அங்கேயே இறுகிக்கொள்ளும். பக்கத்துக் குழி மருந்தையும் நசுக்கி வெடிக்காமல் செய்துவிடும்.

"குழியெல்லாம் இணையா போட்டியா?"

"கண்ணளவுதான் அண்ணே."

அங்கேதான் போனது நாலடி. ஐந்து டிகிரி சாய்ந்தாலே எட்டடி ஆழத்தில் எட்டங்குலம் விலகும். கண்ணளவில் நேராகப் போடுகிறவர்கள் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இருந்தார்கள். அது 2001இல் மூடியதும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

முதலில் போட்ட குழியில் மரக்குச்சியைச் செருகி, அதைப் பார்த்து அடுத்ததைப் போடுங்கள். நடு வெட்டுக்குழி முதலில், ஓரக்குழி பிறகு வெடிக்கட்டும். ஓரத்துக்கு மருந்து குறைவாக. குழி வாயைக் களிமண்ணும் மணலும் கலந்து அடையுங்கள், தோட்டாக் காகிதத்தால் அல்ல. புகை போனதும் கடப்பாரையால் தொங்குகல்லைத் தட்டிவிட்டுத்தான் மற்றவர் உள்ளே வரவேண்டும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய குழியின் மிச்சத்தில் துளை போடாதீர்கள், ராசா. 'நாலடி ஏற்கெனவே இருக்கே' என்று தோன்றும். அடியில் வெடிக்காத மருந்து இருந்தால் டிரில் தொட்டதும் தெரியும். தெரிந்துகொள்ளத்தான் ஆள் இருக்கமாட்டான்.